64ஆம் நம்பர் பஸ்ஸும் அம்மாவின் நோட்டும்

பர்ஸ் போன விஷயம் எனக்கு முதலில் தெரியவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை விரித்து, நாலடி நடந்த பிறகு அம்மாதான் கேட்டார்: "ஏண்டி, உன் கோட்டுப் பாக்கெட் ஏன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு?" குனிந்து பார்த்தேன். வலது பக்கப் பையின் உள்துணி முழுசாக வெளியே வந்திருந்தது. பர்ஸைக் காணோம்.

ரோமில், 2024 நவம்பர் கடைசி வாரத்தில் நடந்த கதை இது. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64ஆம் நம்பர் பஸ். ரோமுக்குப் போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் எச்சரிக்கை இந்த நம்பர்தான். கூட்டம், சுற்றுலாப் பயணிகள், பிக்பாக்கெட். நானும் நாலைந்து இடத்தில் படித்திருந்தேன். அம்மாவுக்கு உரக்கப் படித்தும் காட்டியிருந்தேன். கடைசியில் படித்துக் காட்டியவளின் பர்ஸ்தான் போனது. கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனது 29 யூரோ 40 சென்ட், ஒரு கார்டு, ஒரு வார பஸ் சீட்டு. சென்ட் வரை எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கு அம்மாவின் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா முப்பது வருஷம் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை பழக்கத்தை விடவில்லை. எந்த நோட்டு வந்தாலும் வெளிச்சத்தில் ஒரு தடவை காட்டிப் பார்த்து, தலைகள் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கித்தான் உள்ளே வைப்பார். யூரோ நோட்டில் தலைவர் யாருடைய தலையும் கிடையாது, முன்பக்கம் ஜன்னலும் வாசலும், பின்பக்கம் பாலமும்தான் இருக்கின்றன என்பது அவருக்குப் பெரிய குறை. "யாரு மூஞ்சியும் இல்லாத பணத்தை எப்படி நம்புறது?" என்றபடி, பாலங்களை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினார்.

நான் பட்ஜெட் போட்டது லேப்டாப்பில், ஏழெட்டு நிறங்களில். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்றே மூன்று கோடு போட்டார். முன்னாடியே கட்டின காசு. கையில் போகிற காசு. தொடக் கூடாத காசு. முதல் பத்தியில் ரூம், விமானம், முன்பதிவு செய்த நுழைவுச் சீட்டுகள் எல்லாம் வந்தன. இரண்டாவதில் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 40 யூரோ, ரொக்கமாக. மூன்றாவதில் ஒரு கார்டும் 200 யூரோவும். இதை அம்மா துணியில் தைத்த ஒரு பையில் போட்டு, உடைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு பாஸ்போர்ட்டும் அதிலேயே. ராத்திரி ரூமுக்கு வந்தபிறகுதான் அந்தப் பை வெளியே வரும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாமோ அவ்வளவுதான் வெளிப் பர்ஸ்ல இருக்கணும். திருடனுக்கும் அதே பட்ஜெட்தான்," என்றார். கேஷியர் புத்தி என்று அப்போது சிரித்தேன். 64ஆம் நம்பர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத் திருடனுக்கு ஒதுக்கிய 40 யூரோவில், காலைக் காபிக்கும் ரொட்டிக்கும் 5 யூரோ 60 சென்ட், மழைக்கு வாங்கிய குடைக்கு 5 யூரோ என்று நாங்களே முந்திக்கொண்டிருந்தோம். மிச்சம்தான் அவனுக்கு.

குடையைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமில் முதல் துளி விழுந்து இரண்டாவது விழுவதற்குள் குடை விற்பவர்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறார்கள். 10 என்பார்கள். நடந்துகொண்டே இருந்தால் 5. அந்தக் குடை மூன்று நாள் உழைத்தது, அதுவே அதிகம்.

சரி, செலவு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தங்கியது சான் ஜொவான்னி பகுதியில் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டல். மெட்ரோவின் ஏ லைனில் இருக்கிறது, பெரிய பேராலயம் ஒன்று பக்கத்தில், மற்றபடி சாதாரண ஜனங்கள் குடியிருக்கும் இடம். நவம்பர் என்பதால் ஒரு இரவுக்கு 95 யூரோவுக்குக் கிடைத்தது. ஏழு இரவுக்குக் கட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் போய் நின்றால், கவுன்டரில் இன்னொரு 84 யூரோ கேட்டார்கள். நகர வரி. தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு. மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு அப்போது 6 யூரோ. ஆன்லைனில் ரூம் போடும்போது பல நேரம் இது மொத்தத்தில் சேராது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஹோட்டல் தரத்தைப் பொறுத்து வரி ஏறும். அம்மா அந்த ரசீதை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "இதை நீ சொல்லலையே," என்றார். நான் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம்.

இந்த ஏரியாவில் ரூம் எடுத்ததில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து எல்லோரும் ஏறுவது தெர்மினிக்கு நேராகப் போகும் லியொனார்தோ எக்ஸ்பிரஸ். 14 யூரோ, அரை மணி நேரம். அதே நிலையத்திலிருந்து கிளம்பும் சாதாரண ரயில் 8 யூரோதான். அது தெர்மினிக்குப் போகாது, ஆனால் த்ராஸ்தேவரே, ஓஸ்தியென்சே, துஸ்கொலானா என்று நின்று நின்று போகும். துஸ்கொலானா எங்கள் ஹோட்டலுக்குப் பக்கம். தெர்மினியில் பெட்டியோடு இறங்கித் திணறுவதும் மிச்சம், ஆளுக்கு 6 யூரோவும் மிச்சம். அந்த நெரிசலில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு கையிலும் பெட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் முதல் மணி நேரத்தில்தான் ஆட்கள் நம்மை நோட்டம் விடுகிறார்கள். எனவே ரூம் எங்கே என்று முடிவு செய்யும்போதே எந்த நிலையத்தில் இறங்குவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே ஏ.டி.எம். படலம். சுற்றுலாத் தெருக்களில், வங்கி எதனோடும் ஒட்டாமல், கடை வாசலில் தனியாக நிற்கும் மெஷின்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் கார்டைச் செருகி 200 யூரோ கேட்டேன். திரை மாறியது. 'உங்கள் நாட்டுப் பணத்தில் இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம், சம்மதமா?' என்று ஒரு தொகை. சம்மதம் என்ற பொத்தான் பெரிதாக, பளிச்சென்று. மறுக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில், ஓரமாக. வாசகமும் ஒரு மாதிரி மிரட்டுகிறது. மறுத்தால் பணமே வராது போலிருக்கிறது என்று தோன்றும்படி எழுதியிருக்கிறார்கள்.

நான் சம்மதத்தின் மேல் விரலைக் கொண்டுபோய்விட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு." பைக்குள்ளிருந்து நோட்டு வந்தது, பேனா வந்தது. மெஷினின் மேலேயே வைத்து வகுத்துப் பார்த்தார். பின்னால் ஒருத்தர் காத்திருக்கிறார், எனக்கு மானம் போகிறது. "200க்கு 24 யூரோ இவன் எடுத்துக்குறான்," என்றார். மறுக்கவும் இல்லை, ரத்து செய்து கார்டை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வங்கிக் கிளையின் சுவரில் பதித்திருந்த மெஷினில் போய் எடுத்தோம். அங்கும் அதே கேள்வி வந்தால் யூரோவிலேயே பிடித்துக்கொள் என்று அழுத்த வேண்டும். பணம் வரும், பயப்பட வேண்டாம். மாற்று விகிதத்தை நம் வங்கி பார்த்துக்கொள்ளும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் சில மெஷின்கள் இதையே கேட்கும், அங்கேயும் யூரோதான்.

பணம் எடுக்க ஒவ்வொரு தடவையும் கட்டணம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது லாபம். ஆனால் மொத்தமாகக் கையில் வைத்திருந்தால் பயம். இந்த இழுபறிக்குத்தான் இடுப்புப் பையும் வெளிப் பர்ஸும்.

சாப்பாட்டுக்கு வருவோம். அம்மா சுத்த சைவம். ரோமில் சைவம் சுலபம் என்று சொல்வார்கள், பாதி உண்மை. தக்காளி பாஸ்தாவும் மார்கரீத்தா பீட்சாவும் எங்கும் உண்டு. ஆனால் பேர் பெற்ற கார்பொனாரா, அமாத்ரிச்சானா, கிரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. சுப்ளீ என்று சோற்று உருண்டையைப் பொரித்துத் தருவார்கள், பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே பல இடங்களில் இறைச்சிச் சாறு. 'சென்ட்சா கார்னே' என்ற இரண்டு வார்த்தையை அம்மா முதல் நாளே மனப்பாடம் செய்தார். இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம்.

எங்கள் 40 யூரோவைக் காப்பாற்றியது பீட்சா அல் தால்யோ. துண்டு பீட்சா, ஆனால் துண்டுக்கு விலை கிடையாது, எடைக்குத்தான். கண்ணாடிக்குப் பின்னால் நீளநீளமான தட்டுகளில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் கத்தியை மேலே வைத்து, 'இவ்வளவா?' என்று கண்ணால் கேட்பார். நாம் கையால் இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் என்று காட்ட வேண்டும். கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டி, தராசில் போட்டு, சூடு பண்ணி, காகிதத்தில் வைத்துத் தருவார். அம்மாவுக்கு உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது பிடித்துப் போயிற்று. ஆனால் அவர் ரசித்தது தராசைத்தான். முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டார், அது டிஜிட்டல் தராசாக இருந்தாலும். இருவருக்கும் வயிறு நிறைய 11, 12 யூரோ.

காபி குடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை, சில இடங்களில் இரட்டிப்பாகும். நிறைய இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் கவுன்டரில் வைக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தும் நின்றே குடித்தார். "ஒரு நிமிஷத்துல முடியற காபிக்கு நாற்காலி எதுக்கு?"

பந்தேயோன் என்ற பழைய ரோமானியக் கோயில் அருகில் ஒரு கடையில் மட்டும் ஏமாந்தோம். ஏமாந்தோம் என்பதுகூடத் தப்பு, தெரியாமல் கொடுத்தோம். இரண்டு பாஸ்தா, ஒரு பாட்டில் தண்ணீர். பில்லில் ரொட்டி என்று ஆளுக்கு 2.50. கூடையில் வந்த ரொட்டியை நாங்கள் தொடவே இல்லை. மேஜைக்கு உட்கார்ந்ததற்காகக் கோபெர்த்தோ என்று தனியாகப் பணம் வாங்குவது இத்தாலியில் வழக்கம். ரோம் இருக்கும் லாத்சியோ மாநிலத்தில் மட்டும் அந்தப் பெயரில் வாங்கக் கூடாது என்று 2006லிருந்து சட்டம் இருக்கிறது. ஆகவே அது ரொட்டியாக வருகிறது. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போடக் கூடாது. அடுத்த கடையிலிருந்து ரொட்டிக் கூடை மேஜையைத் தொடுவதற்குள் அம்மா புன்னகையோடு கையால் தடுத்து, "நோ பானே!" என்பார். பரிமாறும் பையன்களுக்கு அவரைப் பிடித்துப் போனது.

தண்ணீருக்கு ஏழு நாளில் அந்த ஒரு பாட்டிலைத் தவிரக் காசு கொடுக்கவில்லை. ரோம் தெருக்களில் இடுப்புயர இரும்புத் தூண் ஒன்று, அதில் வளைந்த ஒரு குழாய், அதிலிருந்து எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். நசோனே என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874இல் வைக்கத் தொடங்கினார்கள், இன்றைக்கு நகரம் முழுக்கச் சுமார் 2,500 இருக்கிறதாம். குடிநீர்தான், சில்லென்று இருக்கும். முதலில் நாங்கள் குனிந்து, கையைக் குவித்து, முழங்கை வரை நனைந்து குடித்தோம். பிறகு ஒரு கிழவர் வந்து எங்களை விலகச் சொல்லிவிட்டு, குழாயின் வாயை விரலால் அடைத்தார். மூக்கின் மேல்பக்கத்தில் இருந்த சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து மேலே பீய்ச்சியது. நின்றபடி ஒரு வாய் குடித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அம்மா அதை எட்டு தடவையாவது செய்து பார்த்திருப்பார். இரண்டு தடவை என் மேல் அடித்தது.

நுழைவுச் சீட்டுகளில் சொல்லவேண்டியது குறைவு. கொலோசியம் ஆளுக்கு 18 யூரோ, சீட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள், எனவே அன்று பாஸ்போர்ட் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். வாத்திகன் மியூசியம் 20, ஆன்லைன் முன்பதிவுக்கு 5. பந்தேயோன் 2023 வரை இலவசமாக இருந்தது, நாங்கள் போனபோது 5 யூரோ. விலைகள் நாங்கள் போனபோது இருந்தவை, கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். வாசலில் நின்று 'வரிசையில் நிற்காமல் கூட்டிப் போகிறேன்' என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

ஆனால் ரோமில் மிக நல்ல சில படங்கள் மாதா கோயில்களுக்குள் இருக்கின்றன, கட்டணம் இல்லாமல். சான் லூயீஜி தேய் ஃபிரான்செசி என்ற கோயிலில், இடது பக்கக் கடைசி அறையில் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள். நாங்கள் போனபோது அறை இருட்டாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் காசு போடும் பெட்டி. போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். யாராவது போடட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அம்மா இதைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் ஆனது. "இத்தனை பேர் ஓசியில பாக்குறதுக்கு நிக்கிறாங்களா?" என்று பொறுக்கமுடியாமல் பர்ஸைத் திறந்து 1 யூரோ போட்டார்.

டக்கென்று வெளிச்சம் வந்தது. இடது சுவரில் இருப்பது மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. மத்தேயு வரி வசூலிப்பவர். மேஜையைச் சுற்றி ஐந்து பேர், மேஜை மேல் காசு. வலது பக்கம் இயேசு கையை நீட்டுகிறார், மூன்று பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு பையன் தலை நிமிரவில்லை. குனிந்து காசை எண்ணிக்கொண்டே இருக்கிறான். "அவன் டோட்டல்ல இருக்கான், இப்போ கூப்பிட்டா திரும்பமாட்டான்," என்றார் அம்மா. அந்த ஓவியத்தைப் பற்றி நான் படித்து வைத்திருந்த எதையும் அதற்குப் பிறகு சொல்லத் தோன்றவில்லை. விளக்கு அணைந்தது. அன்று ராத்திரி நோட்டில் 'வெளிச்சம் – 1' என்று எழுதினார்.

இப்போது பஸ். நாலாவது நாள், வியாழக்கிழமை, மழை. தெர்மினியில் ஏறினோம். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் நடுக் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், மேப்பில் நீலப் புள்ளி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்ஸ் கோட்டின் வெளிப் பையில். காலையில் குடைக்காரருக்குக் காசு கொடுத்த அவசரத்தில் அங்கே போட்டது, உள்ளே மாற்றவில்லை.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. என் பக்கத்தில் ஒரு ஆள், மழை நாளில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளாமல் மடித்துக் கையில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில் கதவு திறந்ததும் முன்னால் போன ஒரு பெண் படியில் நின்றுவிட்டாள், இதுதானா நம் நிறுத்தம் என்று சந்தேகப்படுவது மாதிரி. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டோம். அந்த ஐந்து விநாடி. மன்னிப்புக் கேட்டுச் சிரித்துவிட்டு அவள் இறங்கிப் போனாள், ஜாக்கெட்காரரும் இறங்கினார். நான் அவளைப் பார்த்துத் திரும்பச் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பர்ஸ் இல்லை என்று தெரிந்ததும் நான் திரும்பிப் பஸ்ஸைத் துரத்தப் போனேன். அம்மா விடவில்லை. நேரே புனித பேதுரு சதுக்கத்தின் தூண்களுக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். பெர்னினி கட்டிய அந்த வளைவில் 284 தூண்கள், மழைக்கு நல்ல ஒதுங்குமிடம். "முதல்ல கார்டு. அப்புறம் அழு." போன் கையில் இருந்ததால் செயலியைத் திறந்து கார்டை முடக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. போனும் போயிருந்தால்? அதற்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்பாடு இருந்தது: இரண்டு வங்கிகளின் வெளிநாட்டு உதவி எண்கள், கார்டுகளின் கடைசி நாலு எண், பாஸ்போர்ட் எண்கள், ஹோட்டல் முகவரி, என் போனின் ஐ.எம்.இ.ஐ. எண். *#06# என்று அழுத்தினால் வரும் அந்த எண்ணை என்னிடம் கேட்டு வாங்கி எழுதியிருந்தார். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும் அவசர எண் 112ஐப் பெரிதாகக் கட்டம் கட்டியிருந்தார்.

இதில் என் தப்பு இரண்டு. ஒன்று வெளிப் பை. இன்னொன்று, கார்டையும் ரொக்கத்தையும் ஒரே பர்ஸில் வைத்தது. அம்மாவின் கோட்பாட்டின்படி வெளிப் பர்ஸில் அன்றைய ரொக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் போலீஸில் புகார் கொடுத்தோம். தெனூன்ச்சா என்கிறார்கள். ஆங்கிலத்தில் படிவம் இருந்தது, நிரப்பி, காத்திருந்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டோம். 29 யூரோவுக்குப் புகாரா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். ஐரோப்பாவுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவைத் தாங்க வேண்டும் என்பதுதான் விதி. திருட்டுக்கு அது பேசாது, தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் சேர்த்திருந்தோம், ரொக்கத்துக்குக் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்துக்கும் எனக்கும் ஆகவே ஆகாது.

வார சீட்டும் போய்விட்டது. 24 யூரோவுக்கு வாங்கியது, இன்னும் நாலு நாள் பாக்கி. மறுபடி வாங்காமல் மிச்சமிருந்த கார்டை மெட்ரோ கேட்டிலும் பஸ்ஸிலும் தட்டிப் போய்க்கொண்டேன், தடவைக்கு 1.50, 100 நிமிடம் செல்லும். ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். இரண்டு பேர் ஒரே கார்டைத் தட்ட முடியாது.

அதற்குப் பிறகு ஊர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. யார் பக்கத்தில் வந்தாலும் விலகினேன். அம்மா நேர்மாறு. கொலோசியம் வாசலில் கையில் கயிறு கட்ட வருகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா, அன்பளிப்பு என்று சொல்லி முடிச்சுப் போட்டபிறகு காசு கேட்பார்கள். அதில் ஒருவர் அம்மாவை நோக்கி வந்தார். அம்மா இரண்டு கையையும் கூப்பி ஒரு பெரிய வணக்கம் வைத்தார். கூப்பிய கையில் எங்கே கயிறு கட்டுவது? அவரும் சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

உண்மையில் அந்த வாரம் எங்களுக்கு நேர்ந்த பெரிய ஆபத்து திருடனால் இல்லை, தரையால். பழைய ரோம் முழுக்கச் சாம்பியெத்ரீனி என்ற கருங்கல் பாவிய தெருக்கள். மழையில் சோப்பு தடவின மாதிரி இருக்கும். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் வேறு. ஐந்தாவது நாள் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் அம்மா கால் புரண்டு உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் ஒரு களிம்பும் இழுத்துக் கட்டும் பட்டையும் வாங்கினோம். பிடிமானமுள்ள செருப்புக்குப் பட்ஜெட்டில் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். ரோடு கடப்பதும் ஒரு வித்தை. வரிக்குதிரைக் கோட்டில் ஓரமாக நின்றால் ஒரு காரும் நிற்காது, கோட்டில் காலை வைத்து ஓட்டுநரைப் பார்த்தால்தான் நிற்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கட்டுப் போட்ட காலோடு அம்மாதான் கையை நீட்டி வழி வாங்குவார்.

டிசம்பர் 1, மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு அரசு மியூசியங்களும் தொல்லியல் இடங்களும் இலவசம். ஊரே கொலோசியத்துக்குப் போக, நாங்கள் அம்மாவின் காலை உத்தேசித்துக் கரகல்லா குளியலகத்துக்குப் போனோம். அதுவும் இலவசம், அங்கே கூட்டமே இல்லை. வானத்தைத் தொடும் செங்கல் சுவர்களுக்கு நடுவில், மண்ணில் கிடந்த மொசைக் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தோம். அந்த வாரத்தில் என் கை பர்ஸைத் தொட்டுப் பார்க்காத ஒரே காலை அதுதான்.

திங்கட்கிழமை துஸ்கொலானாவில் அதே 8 யூரோ ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா கணக்கை முடித்தார். ரூம், வரி, ரயில், சீட்டுகள், சாப்பாடு, களிம்பு எல்லாம் சேர்த்து விமானம் போக 1,200 யூரோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. '64 பஸ் – 29.40' என்பதையும் செலவிலேயே சேர்த்துவிட்டார், தனியாக வருத்தப்படவில்லை. ஆனால் கையில் இருந்த மிச்சத்தை எண்ணியதும் முகம் மாறியது. மறுபடி எண்ணினார். நாணயங்களை மடியில் கொட்டி, சென்ட் வாரியாகப் பிரித்து, மூன்றாவது தடவை எண்ணினார்.

"1 யூரோ இடிக்குதுடி."

"போனாப் போகுது விடும்மா."

"எப்படிப் போகும்? எங்க போச்சுன்னு தெரியணும்ல."

எனக்குத் தெரியும். அந்தக் கோயிலில் விளக்கு அணைந்ததும் அம்மா வாசலை நோக்கி நடந்துவிட்டார். பர்ஸ் அப்போது என் கையில் இருந்தது. தலை நிமிராத அந்தப் பையனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. விமான நிலையம் வரும்வரை அம்மா குனிந்து எண்ணிக்கொண்டே வந்தார்.